டொக்சிசைக்கிளினா, ஐசோட்ரெட்டினொயினா? கடும் முகப்பருவுக்கு எது, எப்போது

கடும் முகப்பரு கன்னத்திலும் தாடை ஓரத்திலும் தோலுக்கடியில் குன்றிமணி அளவில் திரண்டு, தொட்டால் நோகும். வாரக்கணக்கில் அமராது. அமர்ந்தாலும் பள்ளம் விட்டுப் போகும். நெஞ்சிலும் முதுகிலும் இறங்கும். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு வந்து போகிற நாலைந்து பருவோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. இதற்கு எழுதிக் கொடுக்கப்படும் குளிசைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று நுண்ணுயிர்க்கொல்லியான டொக்சிசைக்கிளின். மற்றது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினொயின்.

எது வலிமையானது என்று கேட்டால் பதில் சுலபம்: ஐசோட்ரெட்டினொயின். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருக்கிற ஒருவருக்கு வேறு கேள்விகளும் உண்டு. மாதாமாதம் கிளினிக்குக்கு வர முடியுமா? வயலில், கடலில் வெயிலில் நிற்கிறவரா? பெண்ணென்றால் பிள்ளை பெறும் திட்டம் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தழும்பு விழத் தொடங்கிவிட்டதா?

டொக்சிசைக்கிளின்: மூன்று மாத மருந்து

பருவுக்குள் இருக்கும் கிருமியைக் குறைக்கும், வீக்கத்தை அடக்கும். எண்ணெய் சுரக்கும் சுரப்பியை இது மாற்றுவதில்லை. அதனால்தான் நிறுத்திய பின் பலருக்குத் திரும்பி வருகிறது. வழக்கமான அளவு நாளுக்கு ஒரு தடவை 100 மில்லிகிராம். பலன் தெரிய ஆறு தொடக்கம் எட்டு வாரம் எடுக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் பலனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

தனியாக இதை மட்டும் போடுவது பிழை. இரவில் வைட்டமின் ஏ வகைப் பூச்சான அடப்பலீன் 0.1 வீத ஜெல், அதோடு பென்சொயில் பெரொக்சைட் 2.5 அல்லது 5 வீதம் சேர வேண்டும். பூச்சு மருந்து இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லியை மட்டும் விழுங்கினால் மருந்துக்கு அசையாத கிருமிதான் மிஞ்சும். ஜெல் முழு முகத்துக்கும் ஒரு கடலை அளவு போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்காமல், பரு வருகிற இடம் முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பூசினால் எரிவு குறையும். பென்சொயில் பெரொக்சைட் நிறத்துணியை வெளுக்கச் செய்யும். தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள்.

இந்தக் குளிசையால் வரும் தொல்லைகள் பெரும்பாலும் விழுங்கும் முறையில்தான் வருகின்றன. படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினால் அது உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் நெஞ்சு நோவும், சோறு இறங்காது. இருந்துகொண்டு ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள். பிறகு அரை மணி நேரமாவது சாயக் கூடாது. இரத்தச்சோகைக்கு இரும்புக் குளிசை எடுப்பவர்கள் இரண்டு மூன்று மணி இடைவெளி விட வேண்டும். கல்சியம், வயிற்றெரிவு மருந்து, பால்மா கரைத்த தேத்தண்ணி ஆகியவற்றுக்கும் அப்படியே. இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும்.

இன்னொன்று வெயில். இந்த மருந்து எடுக்கையில் தோல் சாதாரண வெயிலுக்கே கருகிச் சிவக்கும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவருக்கும், சிறுபோகத்தில் மதியம் வரை வயலில் நிற்பவருக்கும் இது சின்ன விஷயமல்ல. தொப்பி, முழுக்கைச் சட்டை, முடிந்தால் சன்ஸ்கிரீன் எல்லாம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் குளிசை ஆகாது.

பெரிய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய மருந்துத் துண்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வாங்குவது. மூன்று மாதத்தில் அடங்காத கட்டிப்பரு ஆறாம் மாதத்தில் அடங்கும் என்று காத்திருப்பதற்குள் கன்னம் பள்ளமாகிவிடும். பருவுக்கு மருந்து இருக்கிறது. பள்ளமாகிவிட்ட தழும்பை எந்தக் குளிசையும் நிரப்பாது.

ஐசோட்ரெட்டினொயின்: கணக்கு வைத்து எடுக்கும் மருந்து

1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால் பலருக்கு ஒரு சுற்றோடு நீண்ட காலம் ஓய்வு கிடைக்கிறது. தோல் வைத்திய நிபுணர்தான் தொடங்க வேண்டும். தானாக வாங்கிப் போடும் மருந்தல்ல.

அளவு உடல் நிறையைப் பொறுத்தது. நாளுக்கு ஒரு கிலோவுக்கு 0.5 தொடக்கம் 1 மில்லிகிராம். மொத்தமாக ஒரு கிலோவுக்கு 120 தொடக்கம் 150 மில்லிகிராம் சேரும்வரை போகும். 60 கிலோ உள்ளவருக்கு 120 வீதம் கணக்கிட்டால் 7200 மில்லிகிராம். நாளுக்கு 40 எடுத்தால் 180 நாளில் முடியும், 20 எடுத்தால் 360 நாள். தோல் காய்வதைத் தாங்காதவருக்குக் குறைந்த அளவில் நீட்டிக் கொடுப்பதும் உண்டு. முகம் தெளிந்துவிட்டது என்று மூன்றாம் மாதத்தில் தாமாகவே நிறுத்துவோருக்குத்தான் அதிகம் திரும்பி வருகிறது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எடுத்த மில்லிகிராம்களை மாதாமாதம் கூட்டி எழுதி வையுங்கள். டொக்டர் மாறினாலும் கணக்கு மாறாது.

இது கொழுப்போடுதான் உடம்பில் சேரும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதிப் பலனும் கிடைக்காமல் போகலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியோ சொதியோ, முட்டையோ மீன்பொரியலோ இருக்கிற நேரச் சாப்பாட்டோடு எடுங்கள். குளிசைப் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழ் வெக்கையில் வைக்காமல், வீட்டில் குளிர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

முதல் மாதம் பரு கூடலாம். அதைக் கண்டு மருந்தை விடக் கூடாது. ஆனால் காய்ச்சல், மூட்டுநோவு, நெஞ்சிலும் முதுகிலும் பரு உடைந்து இரத்தம் கசிதல் என்று வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உதடு காய்வது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. நாளுக்குப் பலதரம் வஸ்லின் பூசுங்கள். மூக்குக்குள் மெல்லியதாகப் பூசினால் இரத்தம் வடிவது குறையும். தசைநோவு, கண் வறட்சியும் வரும். இரவுப் பார்வை சிலருக்கு மங்கும். யானை கடக்கிற ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். வக்சிங் செய்தால் தோல் உரிந்துவிடும். மருந்து முடிந்து ஆறு மாதம் வரை வேண்டாம். தேசிக்காய்ப் புளியும் பற்பசையும் இந்தத் தோலில் படவே கூடாது.

தொடங்குமுன் ஈரல், இரத்தக் கொழுப்புப் பரிசோதனை வேண்டும். ஒன்று இரண்டு மாதத்தில் திரும்பவும் செய்வார்கள். முந்தின நாள் வயலில் மண்வெட்டி பிடித்து முறிந்து வேலை செய்துவிட்டு இரத்தம் கொடுத்தால் ஈரல் எண்கள் பொய்யாகக் கூடிக் காட்டக்கூடும். கள்ளும் சாராயமும் மருந்துக் காலத்தில் விட வேண்டியவை. ஈரலுக்கும் கொழுப்புக்கும் இரண்டுக்கும் கேடு. வைட்டமின் ஏ சேர்ந்த சத்துக் குளிசையும் வேண்டாம். இரத்ததான முகாம் நடந்தாலும், மருந்து முடிந்து ஒரு மாதம் வரை இரத்தம் கொடுக்கக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

மனநிலை பற்றியும் கேட்பார்கள். மருந்து மனச்சோர்வை உண்டாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனாலும் போரில் உறவுகளை இழந்த வீடுகள் நிறைந்த மண் இது. முன்பு மனநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது மருந்தைத் தடுக்கும் என்றில்லை. பிள்ளை ஒதுங்குகிறது, நித்திரை இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிறது என்றால் மருந்தை நிறுத்தி உடனே டொக்டரிடம் கதைக்க வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1926.

இரண்டும் மோதும் இடம்

வன்னியில் வயல் வேலை செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்க விவசாயிகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொடுக்கும் குளிசையும் டொக்சிசைக்கிளின்தான், வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். ஐசோட்ரெட்டினொயின் எடுக்கிறவர் அதையும் விழுங்கினால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. விடாத தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல் இதன் அடையாளங்கள். எனவே காலபோகத்தில் குளிசை கொடுக்க வரும்போது ‘பருவுக்கு மருந்து எடுக்கிறேன்’ என்று பெயரோடு சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உயிரைக் குடிக்கும் நோய் என்பதால், சேற்றில் இறங்காமல் இருக்கலாமா, என்ன பாதுகாப்பு எடுக்கலாம் என்று தோல் கிளினிக்கிலேயே முன்கூட்டிக் கேட்டு வைப்பது நல்லது.

பெண்களுக்கு

ஐசோட்ரெட்டினொயின் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை, இதயம், முகம், காது ஆகியவற்றைக் கடுமையாகக் குலைக்கும். ஒரு சில நாள் எடுத்தாலும் ஆபத்துத்தான். ஆகவே தொடங்குமுன்னும் மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை கருத்தடை வேண்டும். கலியாணமாகாத பிள்ளையிடமும் இதைக் கேட்பார்கள். அது ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதல்ல, எல்லோருக்கும் ஒரே விதி. தாய்மார் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப் போய்விடாதீர்கள். கேட்கவேண்டியதைக் கேட்காமல் எழுதிக் கொடுக்கிற இடம்தான் பயப்பட வேண்டிய இடம். அக்காவுக்கு மிஞ்சிய குளிசையைத் தங்கச்சிக்குக் கொடுப்பது ஒருபோதும் கூடாது.

கருத்தடை ஊசி, கையில் வைக்கும் இம்பிளாண்ட் என்பன சிலருக்குப் பருவைக் கூட்டக்கூடும். மிட்வைஃபிடம் என்ன முறை எடுக்கிறீர்கள் என்பதைத் தோல் டொக்டருக்கும் சொல்லுங்கள். மாதவிடாய்க்கு முன் தாடையில் மட்டும் பெருக்கிற பருவுக்குக் கருத்தடைக் குளிசையோ, ஹோர்மோன் தாக்கத்தைக் குறைக்கும் ஸ்பைரோனோலக்டோனோ பொருந்தலாம். கர்ப்பமாக இருப்பவருக்கு இந்தக் குளிசைகளும் வேண்டாம், அடப்பலீனும் வேண்டாம். அசிலெயிக் அமில, பென்சொயில் பெரொக்சைட் பூச்சுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடையில் நிற்கும் மூன்றாவது போட்டியாளர்

‘வெள்ளையாக்கும்’ கிரீம்களையும், பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் சேர்ந்த ஸ்டீரொயிட் களிம்புகளையும் பருவுக்குப் பூசுவோர் பலர். நாலாம் நாளே சிவப்பு அடங்கி முகம் மினுங்கும், அதுதான் பொறி. சில வாரத்தில் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, ஒரே அளவான பரு கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் பொங்கும், அதனால் திரும்பப் பூசுவார்கள். பூசிக்கொண்டிருந்தால் கிரீம் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு எது

சிவந்த, சீழ்ப்பரு நிறைய உண்டு, ஆனால் ஆழக் கட்டியும் பள்ளமும் இல்லை என்றால் டொக்சிசைக்கிளினும் பூச்சும் ஒரு மூன்று மாதம். பஸ் செலவு, நாட்கூலி இழப்பு என்று பார்த்தாலும் இரண்டு மூன்று பயணத்தோடு முடியும். கட்டியும் தழும்பும் தொடங்கிவிட்டதென்றால், அல்லது அந்த மூன்று மாதம் பலிக்காவிட்டால், ஐசோட்ரெட்டினொயினுக்காகத் தோல் கிளினிக்குக்குப் போகும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இதில் எமக்குத் தயக்கமில்லை. ஆறேழு மாதம், மாதமொரு பயணம் என்பது மல்லாவியிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ வருபவருக்குச் சுமைதான். கிளினிக் நாளிலேயே இரத்தப் பரிசோதனையும் எடுக்கலாமா என்று கேளுங்கள். கொழுப்புப் பார்ப்பதற்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொண்டு போங்கள்.

டொக்சிசைக்கிளினிலிருந்து ஐசோட்ரெட்டினொயினுக்கு மாறும்போது முதலாவதை முழுதாக நிறுத்திய பிறகே இரண்டாவதைத் தொடங்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய டொக்சிசைக்கிளினை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐசோட்ரெட்டினொயின் சுற்று முடிந்தும் திரும்பி வந்தால் இரண்டாம் சுற்றுக்குக் குறைந்தது இரண்டு மாத இடைவெளி வேண்டும். மருந்து நின்ற பிறகும் தோல் தேறிக்கொண்டிருக்கும், சிலருக்கு அந்த இரண்டாம் சுற்றே தேவைப்படுவதில்லை.