ஆர்.பி.என் இலிருந்து ஆர்.என்: கொலிஜில ஃபுல் ரைமோ, வேலையோட பார்ட் ரைமோ?

போன மாசம் வேலையில ஒரு தங்கச்சி மருந்து கார்ட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டா, அக்கா நான் ஆர்.என் (ரெஜிஸ்ரேர்ட் நேர்ஸ், எங்களுக்கு ஒரு படி மேல) படிக்கப்போறன், கொலிஜில ஃபுல் ரைமா போறதோ இல்லாட்டி உங்களைமாதிரி வேலை செய்துகொண்டே இழுக்கிறதோ எண்டு. நான் திருப்பிக் கேட்டது ஒண்டுதான், உமக்கு ஃபுல் ரைம் லைன் (நிரந்தர ஷிஃப்ட் அட்டவணை) இருக்கோ, இல்லாட்டி கூப்பிட்டா மட்டும் போற கஷுவலோ? அவ முழிச்சா. ஆனா இந்தக் கணக்கில முக்காவாசி அந்தக் கேள்விக்குள்ளதான் கிடக்கு.

நான் சொல்லுறது கனடாவில ஒன்ராறியோ மாகாணத்துக் கதை. இஞ்ச ஆர்.பி.என் எண்டா பிராக்டிகல் நேர்ஸ், மற்ற மாகாணங்களில அதே ஆளை எல்.பி.என் எண்டுவினம், மேற்குப் பக்கம் போய் ஆர்.பி.என் எண்டு சொன்னா மனநல நேர்ஸ் எண்டுதான் எடுப்பினம், வன்கூவர்ல இருக்கிற என்ர மச்சாள் ஒரு வருசமா என்னை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தவ. முந்தி இஞ்ச கொலிஜ் டிப்ளோமாவோடயே ஆர்.என் ஆகலாம், 2005 இலிருந்து டிகிரி கட்டாயம். கொலிஜுகள் ஒரு யுனிவேர்சிற்றியைப் பிடிச்சுக்கொண்டுதான் அந்த டிகிரியைக் குடுத்தவை, 2020 இல மாகாண அரசாங்கம் தனியவே குடுக்கலாம் எண்டு விட்ட பிறகு ஹம்பர், செனெகா, ஜோர்ஜ் பிரவுன் எல்லாம் சொந்தமா பி.எஸ்சி.என் எண்டுற நேர்சிங் டிகிரி நடத்தினம். கொலிஜ் டிகிரி எண்டா மட்டமோ எண்டு கேக்கிற மாமிமாருக்கு ஒரு பதில்: எங்க படிச்சாலும் கடைசியில இருக்கிறது ஆர்.என் லைசென்ஸுக்கான அதே என்சிலெக்ஸ் சோதனைதான். மாஸ்டர்ஸ், நேர்ஸ் பிராக்டிஷனர் எண்டு மேல போற ஆசை இருந்தா மட்டும், அங்க இந்த டிகிரியை எடுப்பினமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

இனி விசயத்துக்கு. என்ர சிநேகிதி ஒருத்தி ஃபுல் ரைமா கொலிஜுக்குப் போனவ, 3 வருசம். நான் பார்ட் ரைம், தியரி முழுக்க ஒன்லைன், கிளினிக்கல் (நோயாளிகளோட செய்யிற பயிற்சி) மட்டும் நேர போறது. இந்த வகையில எல்லாருக்கும் தெரிஞ்சது நோர்த் பேயில இருக்கிற நிபிசிங் யுனிவேர்சிற்றி நடத்திறது, வேலையில இருக்கிற ஆர்.பி.என் ஆக்களுக்கெண்டே வச்சது, 5 வருசம் மட்டில போகும்.

எல்லாரும் சொல்லுற நியாயம், ஃபுல் ரைம் எண்டா கெதியா முடிச்சுக் கெதியா ஆர்.என் சம்பளம் எடுக்கலாம். ஒருக்கா காகிதத்தில போட்டுப் பாருங்கோ. மணித்தியாலம் 35 டொலர் எண்டு வையுங்கோ, கிழமைக்கு 37.5 மணித்தியாலம், வருசத்துக்கு 1,950 மணித்தியாலம், வரிக்கு முந்தி 68,250 டொலர். படிக்கிற காலத்தில பாதி வேலை செய்தாலும் வருசம் 34,000 கையை விட்டுப் போகும், 3 வருசத்தில ஒரு லட்சத்துக்கு மேல. ஆர்.என் ஆன பிறகு மணித்தியாலத்துக்கு 10 டொலர் கூட வந்தா வருசம் 19,500, என்னைவிட 2 வருசம் முந்தி முடிச்ச படியா அவவுக்கு 39,000 லாபம். (ஹொஸ்பிட்டல்ல மேல் படியில வித்தியாசம் 10 ஐயும் தாண்டும், அப்பவும் ஒரு லட்சத்தை எட்டிப் பிடிக்காது.) ஆக ஃபுல் ரைம் லைனும் பெனிஃபிட்டும் வீட்டு மோர்கேஜும் இருக்கிற ஆளுக்குப் பார்ட் ரைம்தான் காசில வெல்லும். கஷுவலா கிழமைக்கு ஒரு ஷிஃப்ட், ரெண்டு ஷிஃப்ட் எண்டு போன் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இழக்கிறதுக்குப் பெரிசா ஒண்டுமில்லை, அவ ஃபுல் ரைமா போறதுதான் புத்தி. ஓசாப் எண்டுற மாகாண மாணவர் கடனும் குறைஞ்சது அறுபது வீதம் பாடம் எடுத்தாத்தான் ஃபுல் ரைம் கணக்கில வரும்.

ஆனா காசு மட்டுமே? அஞ்சு வருசம் எண்டுறது சும்மா வாய்ச்சொல்லு இல்லை. என்னோட துவங்கின ஆக்களில எத்தினை பேர் இப்ப இல்லை எண்டு எண்ணுறதையே விட்டிட்டன், ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது, ஒருத்தற்ற தகப்பன் வருத்தமாப் போனார், ஒரு பாடத்தை விட்டா அது திரும்ப வர ஒரு வருசம் காத்திருக்கோணும், பேந்து அந்த வேகம் வராது. பாதியில விட்டா கையில ஒண்டுமில்லை. சிநேகிதிக்குக் கூடப் படிக்க வகுப்பில ஆக்கள் இருந்தவை, எனக்கு இருந்தது ஒரு லப்டொப். ஒருநாள் கமரா பாத்துக்கொண்டிருக்கிற ஒன்லைன் சோதனை, கதவைப் பூட்டிப்போட்டு இருந்தனான், சின்னவன் மற்றப் பக்கத்தால வந்து அம்மா பசிக்குது எண்டு மேசைக்குக் கீழ நிக்கிறான், அறையில வேற ஆள் எண்டு சிவப்புக் குறி விழுந்திட்டுது, பிறகு அவனுக்கு அஞ்சு வயசு எண்டு கடிதம் எழுதித்தான் மாக்ஸ் வந்தது.

படிப்பு ரெண்டு பக்கமும் ஒண்டுதான். பத்து வருசமா கதீற்றர் போட்டு, காயம் கட்டின ஆக்களுக்குக் கை வேலை பிரச்சினையில்லை, நேர்சிங் தியரியும் ரிசேர்ச் கட்டுரையும்தான் தலையிடி. என்சிலெக்ஸ் வேற மாதிரி, நாலு நோயாளியைக் காட்டி ஆரை முதல்ல பாப்பீர் எண்டு கேக்கும், குறைஞ்சது 85 கேள்வி, கூடினது 150, எப்ப ஸ்கிரீன் நிக்கும் எண்டு தெரியாது.

உதவிக் காசு எண்டா பிகின் எண்டு ஒண்டு இருக்கு, நான் பாத்த நேரம் ஆர்.என் படிக்கிற ஆர்.பி.என்னுக்கு வருசம் 10,000 டொலர் வரை எண்டு இருந்தது, அதுக்குப் பதிலா முடிச்ச பிறகு லோங் ரேர்ம் கெயாரிலயோ ஹோம் கெயாரிலயோ வேலை செய்யோணும். எங்களைமாதிரி நேர்சிங் ஹோமில கிடக்கிறவைக்கு அது தண்டனையே இல்லை, சட்டப்படி ஒவ்வொரு ஹோமிலயும் 24 மணித்தியாலமும் ஒரு ஆர்.என் நிக்கோணும், தேடப்படுகிற ஆக்கள். ஹொஸ்பிட்டல் ஐ.சி.யூ கனவோட இருக்கிறவை கையெழுத்துப் போட முந்தி யோசியுங்கோ.

சீனியோரிட்டியையும் பாருங்கோ. ஆர்.பி.என்னும் ஆர்.என்னும் கனக்க இடத்தில வேற வேற யூனியன், பதினஞ்சு வருசம் சேத்து வச்சது அப்பிடியே கூட வருமெண்டு நினைக்காதேங்கோ, ஒப்பந்தத்தை வாசிச்சிட்டுக் கேளுங்கோ. ஐம்பதைத் தாண்டி, நல்ல பகல் லைன் கையில இருக்கிற அக்காமார் படிக்காமல் ஆர்.பி.என்னாவே இருக்கிறன் எண்டா அதையும் நான் பிழை எண்டு சொல்லமாட்டன்.

பார்ட் ரைமில ஆரும் வாய் திறந்து சொல்லாத இடம் கடைசி செமெஸ்டர். பிரிசெப்டரோட (எங்களைப் பழக்கிற நேர்ஸ்) நிண்டு அவவின்ர ஷிஃப்ட் முழுக்கச் செய்யோணும், 12 மணித்தியாலம், சம்பளமில்லை. அந்த மூண்டு நாலு மாசத்துக்கு நீங்களும் ஃபுல் ரைம் மாணவிதான், வேலையோட படிக்கிறன் எண்ட கதை அங்க நிக்கும். லீவும் காசும் முதல் வருசத்திலயே சேக்கத் துவங்குங்கோ, நான் துவங்கேல்ல.

தங்கச்சி கஷுவல்தானாம். அப்ப கொலிஜுக்கு எழுதிப்போடும் எண்டன். எனக்கு நேற்றுத்தான் பிரிசெப்டரின்ர ஸ்கெஜூல் வந்தது, ரெண்டு பகல், ரெண்டு இரவு, அஞ்சு நாள் லீவு. அந்த அஞ்சில ரெண்டு நாள் இஞ்ச ஷிஃப்ட் தருவியளோ எண்டு மனேஜருக்கு ஈமெயில் போட்டிருக்கிறன், இன்னும் பதில் வரேல்ல.