ஒரு சொல்லில் தடுக்கிய அகராதிச் செயலி

ஆண்டுச் சந்தா கட்டி ஆறு மாதமாக நான் பயன்படுத்திவரும் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியின் தரத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது ‘மிலிட்டன்சி’ (militancy) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்தான். இணைய இணைப்பின்றி இயங்குவதிலும், பிழையாகத் தட்டினாலும் உரிய சொல்லைக் கண்டுபிடித்துத் தருவதிலும் அதன்மேல் குறை சொல்ல இடமில்லை. குறை, பொருள் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காக நடத்திய போராட்டம் குறித்த கட்டுரையொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 1903-இல் மான்செஸ்டரில் எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய சங்கத்தினர், மனுக் கொடுத்துப் பயனில்லை என்று கண்டபின், 1912 மார்ச்சில் லண்டன் கடைத்தெருக்களில் சிறு சுத்தியல்களால் கண்ணாடிகளை உடைத்தார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களே பெருமையோடு ஏற்றுக்கொண்ட சொல் மிலிட்டன்சி. செயலியோ ‘தீவிரவாதம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. பின்னாளில் அவர்களுள் சிலர் தீவைப்பிலும் வெடிவைப்பிலும் இறங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டினி கிடந்ததும் அதே சொல்லுக்குள்தான் அடங்கியது, அதைத் ‘தீவிரவாதம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சோதித்துப் பார்ப்போமே என்று ‘எக்ஸ்ட்ரீமிசம்’, ‘டெரரிசம்’ இரண்டையும் தட்டினேன். மூன்றுக்கும் ஒரே விடை! ஆனால் கொள்கையில் எல்லை கடக்கும் எக்ஸ்ட்ரீமிசம்தான் தீவிரவாதம். மக்களை அச்சுறுத்தக் கொலையையும் குண்டையும் கையாளும் டெரரிசம், பயங்கரவாதம். படைவீரனைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த மிலிட்டன்சியோ, விட்டுக்கொடுக்காமல் மோதி நிற்கும் குணம், அதில் ஆயுதம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காஷ்மீரின் ஆயுதக் கிளர்ச்சி பற்றிய செய்திகளில் ‘தீவிரவாதம்’ நம் நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கு என்பதால், அங்கே செயலியின் விடை பொருந்தும். தொழிற்சங்கச் செய்தியில் பொருந்தாது. ஆலை வாயிற்கூட்டத்தில் அரை மணி நேரம் நின்றவருக்கே ‘போர்க்குணமிக்க போராட்டம்’ என்ற தொடர் காதில் விழுந்திருக்கும். அந்தப் போர்க்குணத்துக்குச் செயலியில் இடமில்லை. ஒருவரையே ‘போராளி’ என்பதும் ‘தீவிரவாதி’ என்பதும் எழுதுபவரின் சார்பைக் காட்டிவிடும் என்பது ஈழச் செய்திகளை வாசித்து வளர்ந்த நமக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு வரிக் குறிப்பாவது அகராதி தந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்துத் தானியங்கி மறுமொழி வந்தது. பதிவு இன்றுவரை மாறவில்லை. அன்றாடச் சொற்களுக்கு இச்செயலி போதும். அரசியல் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்கள் சந்தா கட்டுமுன் இந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.