அஞ்சறைப் பெட்டியில் அணுக்கள்: மாலிக்யூல் மாடல் கிட், இரண்டரை வருட அனுபவம்

லேப் லேபாக ஏறி இறங்குவது என் பிழைப்பு. ரத்தப் பரிசோதனைக்கான ரீஏஜென்ட் விற்கிறேன். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் என் ஏரியா. படித்தது பி.காம். பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துபோனது. ஆறு வருடம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ரேட், ஸ்கீம், எக்ஸ்பைரி தேதி, எத்தனை நாள் கிரெடிட், இவ்வளவு தெரிந்தால் வியாபாரம் ஓடும்.

ஒரு நாள் திண்டுக்கல்லில் ஒரு லேப்பில், டெக்னீஷியன் அம்மா சுகர் டெஸ்ட் கிட்டுக்குள் வரும் இன்செர்ட் தாளை விரித்து, "இதுல மியூட்டாரோடேஸ்னு போட்டிருக்கே, முன்னாடி வாங்கினதுல இல்லையே. எதுக்கு சார் இது?" என்று கேட்டார். "புது ஃபார்முலா மேடம், ரிசல்ட் இன்னும் நல்லா வரும்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். அவர் நம்பவில்லை. சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

அதிலிருந்துதான் ஆரம்பம். தமிழ்நாடு பாடநூலின் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொண்டேன். இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம். அணு, எலக்ட்ரான், அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு வரை வண்டி ஓடியது. கரிம வேதியியலுக்கு வந்ததும் நின்றது. தாளில் ஒரு கோடு தடியாக இருந்தால் அந்தப் பிணைப்பு நம்மை நோக்கி வருகிறதாம், கோடு கோடாக விட்டுப் போட்டிருந்தால் பின்னால் போகிறதாம். எனக்கு எல்லாமே தாளில் படுத்துக்கொண்டுதான் இருந்தன. வீடியோக்களில் சுழற்றிக் காட்டும்போது புரிந்தது போல இருக்கும். நிறுத்தினால் பழைய கதை.

அப்போதுதான் உருண்டைகளையும் குச்சிகளையும் கோர்த்து மூலக்கூறு கட்டும் இந்த மாடல் கிட்டை வாங்கினேன். ஆன்லைனில் 700 ரூபாய்க்குள். பிராண்டு பெயர் வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த பொருள்தான். கறுப்பில் கார்பன் 24, வெள்ளையில் ஹைட்ரஜன் 40, சிவப்பில் ஆக்சிஜன் 12, நீலத்தில் நைட்ரஜன் 6, ஊதாவில் பாஸ்பரஸ் 4, மஞ்சளில் கந்தகம் இரண்டு, பச்சையில் குளோரின் இரண்டு. பிணைப்புக்குச் சாம்பல் நிறக் குச்சிகள். இரட்டைப் பிணைப்புக்கு வளைகிற குச்சிகள். கூட வந்த குறிப்புத் தாளைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இந்த நிறங்களுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. 1865-ல் லண்டனில் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மேடையில் காட்டுவதற்காகக் குரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு வண்ணமடித்துக் குச்சியால் கோர்த்தார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு எல்லாம் அவரிடமே இருந்தவை. அவருடைய மீத்தேன் மட்டும் தட்டையான சிலுவை மாதிரி இருந்தது. அதாவது நான் தாளில் பார்த்துக் குழம்பிய அதே மீத்தேன்.

கிட்டோடு வந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடி முதல் மாதமே உடைந்தது. பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. பெயர்தான் அஞ்சறை, கிண்ணம் ஏழு. கார்பன் கடுகு இருந்த இடத்தில், கந்தகமும் குளோரினும் மஞ்சள்தூள் கிண்ணத்தில், குச்சிகள் நடுவில். இதைவிடப் பொருத்தமான பெட்டியை எந்தக் கம்பெனியும் தரப்போவதில்லை. வீட்டில்தான், "அடுத்து தாளிக்கப் போறீங்களா?" என்று கேலி.

முதலில் கட்டியது மீத்தேன். கறுப்பு உருண்டையில் நான்கு துளைகள், நான்கிலும் குச்சி, நான்கு வெள்ளை. மேசையில் வைத்தால் மூன்று காலில் நின்று ஒரு தலையைத் தூக்குகிறது. எப்படிப் புரட்டி வைத்தாலும் அப்படியேதான் நிற்கிறது. இரண்டு பிணைப்புகளுக்கு நடுவில் கோணம் 109.5 டிகிரி என்று புத்தகத்தில் நாலு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். விரலுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து அலனைன் என்ற அமினோ அமிலம். நடுக் கார்பனில் நான்கு வெவ்வேறு கூட்டாளிகள். அக்கா மகள் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆளுக்கு ஒன்று கட்டினோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கின்றன, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த மாட்டேன் என்கின்றன. "மாமா, திருப்பிப் பிடிங்க, வரும் பாருங்க" என்று அரை மணி நேரம் போராடினாள். வரவில்லை. கடைசியில் வாசலுக்குப் போய் என் செருப்பு இரண்டையும் எடுத்து வந்து காட்டினேன். "ஐயே" என்றாள். ஆனால் இடது செருப்பை எப்படிப் புரட்டினாலும் வலது காலுக்கு ஆகாது என்பது பிடிபட்டுவிட்டது. நம் உடம்பின் புரதங்களில் இருப்பவை ஒரே காலுக்கான செருப்புகள், எல் வகை மட்டும். கிளைசின் ஒன்றுதான் விலக்கு. அதன் நடுக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் இடது வலது பேதமே இல்லை.

கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874-ல் வான்ட் ஹாஃப் எழுதியபோது அவருக்கு வயது 22. கோல்பே என்ற பெரியவர், கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் பையனின் கற்பனை என்று அச்சிலேயே கேலி செய்தார். வேதியியலின் முதல் நோபல் பரிசு, 1901-ல், அந்தப் பையனுக்குப் போனது.

இனி நான் கிட் வாங்கியதற்கான பலன் முழுவதும் கிடைத்த இடம்: குளுக்கோஸ். 24 அணுக்கள், வளையமாகக் கட்டினால் 24 குச்சிகள். ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த வளையம். கட்டி முடித்ததும் அது தட்டையாக இருக்க மறுத்துத் தானாகவே நாற்காலி போல மடிந்துகொண்டது. அந்த மடிப்பைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன். யாரோ வசதிக்காக அப்படி வரைகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

குளுக்கோஸ் வளையத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. முதலில் கட்டியது பீட்டா. மேசையில் வைத்தேன், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் மூன்று ஹைட்ரஜன்கள், ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் கார்பன்களிலிருந்து நேராகக் கீழே இறங்கி, முக்காலியின் கால்கள் போல. பருத்த குழுக்கள் எல்லாம் பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தன. பிறகு ஒரே ஒரு மாற்றம்: ஒன்றாம் கார்பனில் பக்கவாட்டில் இருந்த ஓஎச் குழுவையும் (ஓர் ஆக்சிஜனும் அதில் ஒட்டிய ஹைட்ரஜனும்) கீழே இருந்த ஹைட்ரஜனையும் இடம் மாற்றினேன். இப்போது அது ஆல்ஃபா. மேசையில் வைத்தேன், சாய்ந்தது. ஒரு கால் மட்டும் நீளமான ஸ்டூல், டீக்கடையில் அட்டை மடித்துச் செருகுவோமே, அது போல.

சுகர் பரிசோதனைக்கு நான் விற்கும் காட்-பாட் கிட்டில் முதல் வேலை குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கு. குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். அதை வைத்துப் பெராக்சிடேஸ் நொதி இளஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்கும். அனலைசர் 505 நானோமீட்டரில் அந்த நிறத்தை அளக்கும். அந்த முதல் நொதி பிடிப்பது ஆடாத முக்காலியை மட்டும். ரத்தத்தில் இருப்பதோ இரண்டும் கலந்தது: தோராயமாக 64 சதவீதம் பீட்டா, 36 சதவீதம் ஆல்ஃபா. பீட்டா தீரத் தீர ஆல்ஃபா தானாக பீட்டாவாக மாறிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் மெதுவாக. வளையம் ஒரு முறை திறந்து மூட வேண்டும். அந்த வேலையைத் துரிதப்படுத்த வருவதுதான் மியூட்டாரோடேஸ்.

அடுத்த தடவை திண்டுக்கல் போகும்போது இரண்டு குளுக்கோஸையும் டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனேன். சென்ட்ரிஃபியூஜ் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்று நின்றது, ஒன்று ஆடியது. வளையத்தைப் பிரித்து, ஒன்றாம் கார்பனைத் திருப்பி, மறுபடி மூடிக் காட்டினேன். "இவ்வளவுதானா சார்? இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்குத் தெரியாது மேடம் என்று ஒப்புக்கொண்டேன். ஆர்டர் ஒன்றும் கூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே ஆல்ஃபா, பீட்டா விவகாரம்தான் சோற்றுக்கும் வைக்கோலுக்கும். ஆல்ஃபா இணைப்பில் கோர்த்தால் ஸ்டார்ச், பீட்டா இணைப்பில் கோர்த்தால் செல்லுலோஸ். இரண்டும் குளுக்கோஸ் மாலைதான். நமக்கு முதலாவதை வெட்டத்தான் நொதி இருக்கிறது. மாட்டுக்கும் இரண்டாவதை வெட்டும் நொதி சொந்தமாகக் கிடையாது. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன.

கொழுப்பு அமிலங்களுக்கும் கிட் நன்றாக உதவியது. ஸ்டியரிக் அமிலத்தின் 18 கார்பன்களையும் கோர்த்தால் முழ நீளத்துக்கு நேராகப் படுக்கிறது. நடுவில் ஒன்பதாவது, பத்தாவது கார்பன்களில் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜனைக் கழற்றி, வளைகிற குச்சி இரண்டைச் செருகினால் ஒலியிக் அமிலம். முழங்கை மடக்கியது போல ஒடிகிறது. நேரானவை விறகுக்கட்டு மாதிரி அடுக்கி இறுகும், ஒடிந்தவை அடுக்காது. ஸ்டியரிக் 69 டிகிரியில்தான் உருகும், ஒலியிக் சாதாரண அறை வெப்பத்திலேயே திரவம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைவதும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் பேசாமல் இருப்பதும் இதனால்தான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். கிட் பொய் சொல்லும். நாலு மாதம் நான் அதை அப்படியே நம்பினேன்.

தண்ணீரில் கோணம் 104.5 டிகிரி. கிட்டின் சிவப்பு உருண்டையிலோ துளைகள் 109.5-ல். பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள் நெருக்குவதால்தான் கோணம் சுருங்குகிறது, அந்த ஜோடிகளுக்குக் கிட்டில் உருண்டையும் இல்லை குச்சியும் இல்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து ஆக்சிஜனோ நைட்ரஜனோ மெல்ல இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் கிட்டில் கிடையாது. உயிர்வேதியியலில் பாதி அதுதான். நான் தையல் நூல் கட்டிச் சமாளித்தேன்.

பெரிய பொய் பெப்டைடு பிணைப்பில். இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்துவிட்டு, நடுவில் இருக்கும் கார்பன்-நைட்ரஜன் குச்சியைச் சுழற்றினால் கிட் காத்தாடி மாதிரி சுற்றும். உண்மையில் அது சுற்றாது. பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் அதற்கு உண்டு, நீளமே 1.33 ஆங்ஸ்ட்ராம்தான், சாதாரண கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு 1.47. சுற்றியுள்ள அணுக்கள் ஒரே தளத்தில் படுத்திருக்கும். இதை மறக்காமலிருக்க அந்தக் குச்சியில் பசை போட்டு ஒட்டினேன். ஒரு நைட்ரஜன் அதோடு போயிற்று.

அமினோ அமிலத்தின் நடுக் கார்பனுக்கு இருபுறமும் சங்கிலியில் இருக்கும் மற்ற இரண்டு குச்சிகள் சுழலும்தான், அதற்கும் எல்லை உண்டு. கிட்டில் உருண்டைகள் சிறியவை, நடுவில் காற்றோட்டம், அதனால் எந்தக் கோணத்திலும் இடிப்பதில்லை. நிஜ அணுக்கள் அதைவிடப் பருமன். பல கோணங்களில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்களில் இடிக்காது என்று கணக்குப் போட்டு ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், கூட ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். கட்டுரை வந்தது 1963-ல். இன்றைக்கும் புரத வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தால் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அதற்கு முன்பே 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றுபுரி வடிவத்தை முன்வைத்தார்கள். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வர வேண்டும், ஏனென்றால் மூன்று புரிகளும் நெருங்கும் உள்பக்கத்தில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் இடமில்லை. நாங்கள் செருப்பு வைத்துப் பார்த்தபோது ஒதுக்கிவிட்ட அதே கிளைசின். இதைப் படித்த இரவு தூங்க நேரமாயிற்று.

மோல் (அணு, மூலக்கூறுகளை மொத்தமாக எண்ணும் அளவு), பிஎச், பஃபர், வினைவேகம் இவற்றுக்குக் கிட் சுத்தமாக உதவாது. மோலில்தான் நான் இரண்டு மாதம் புத்தகத்தையே மூடி வைத்தேன். சமையலறைத் தராசில் 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை என்று நிறுத்து வரிசையாக வைத்த பிறகுதான், மூன்றிலும் எண்ணிக்கை ஒரே அளவு, ஒரு மோல், எடைதான் வேறு என்பது மண்டையில் ஏறியது. தராசு விலை கிட்டை விடக் குறைவு. பெரிய புரதங்களுக்குப் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் போய்ச் சுழற்றிப் பார்ப்பதுதான் வழி. 24 கார்பனை வைத்துக்கொண்டு ஹீமோகுளோபின் கட்ட முடியாது.

தேய்மானம்: முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாவது மே மாதத்தில், பைக் பெட்டியில் வைத்து விருதுநகர் வெயிலில் ஒரு நாள் அலைந்ததில் வளைகிற குச்சிகள் நான்கு விண்டுபோயின. வெள்ளை உருண்டைகளின் துளை இளகி, குளுக்கோஸைத் தூக்கினால் ஹைட்ரஜன் கொட்டுகிறது. குச்சி நுனியில் செலோடேப் ஒரு சுற்று சுற்றினால் நிற்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைக் கட்ட ஆக்சிஜன் 13 வேண்டும், என்னிடம் 12. பதின்மூன்றாவது இப்போதும் ஒரு சிவப்புக் களிமண் உருண்டை.

வாங்குகிறவர்கள் மொத்தம் எத்தனை பீஸ் என்று பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பாதிக்கு மேல் குச்சிதான். ஆக்சிஜன் 14-க்குக் குறையாமல், நைட்ரஜனில் மூன்று துளை, நான்கு துளை இரண்டு வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் ஒன் குரூப் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் கூடுதலாக ஒரு பாக்கெட் ஹைட்ரஜனும் வாங்கி வையுங்கள். என் பெட்டி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது, பரீட்சை முடிந்து வரும் என்று சொல்லியிருக்கிறாள். போகும்போது எண்ணிக் கொடுத்த ஹைட்ரஜன் 37.