வெளிநாட்டு ஓனரைப் பிடிக்க எது வழி: போர்ட்டலா, கூகுளா, அசோசியேஷன் குரூப்பா?

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அடுத்தவர் வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஓனர் துபாயிலோ டல்லாஸிலோ இருப்பார்; வாடகைக்கு ஆள் பிடிப்பது, அக்ரிமென்ட் போடுவது, சொத்து வரி, இபி பில், ஒழுகும் பாத்ரூம் எல்லாம் என் தலையில். கம்பெனி கிடையாது, நான் ஒருத்தன்தான். புதிதாக வருகிறவர்கள் 'ஓனர்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் காசை விட்டுக் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. நான் வாங்குவது வாடகையில் 6 சதவீதம். 22,000 ரூபாய் வாடகை வரும் ஃபிளாட் என்றால் மாதம் 1,320, வருஷத்துக்கு 15,840. ஓர் ஓனரைப் பிடிக்க 8,000 செலவானால் அரை வருஷ உழைப்பு விளம்பரத்துக்கே போச்சு.

போர்ட்டலுக்குத்தான், அதாவது வீட்டு விளம்பர வெப்சைட்டுக்குத்தான், எல்லோரும் முதலில் ஓடுவார்கள், நானும் ஓடினேன். ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று மாத பேக்கேஜ் கட்டினேன். போன் அடித்தது, விடாமல் அடித்தது, ஆனால் எல்லாம் 'டூ பெட்ரூம் இருக்கா, பேச்சிலருக்குத் தருவீங்களா' ரகம். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கூடும் சந்தையில் போய் ஓனருக்குக் கடை விரித்தால் வேறென்ன நடக்கும்? காலி வீட்டுக்குக் குடித்தனம் பிடிக்க அதை மிஞ்ச எதுவும் கிடையாது, அது வேறு விஷயம். போதாக்குறைக்கு நோபுரோக்கர் மாதிரிப் பெரிய போர்ட்டல்காரர்களே என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) வீடுகளைப் பராமரிக்கும் சேவையும் விற்கிறார்கள். அவர்கள் வாசலிலேயே நின்று அவர்களோடு போட்டி போடுவானேன். ஒரே ஒரு உபயோகம் உண்டு. இரண்டு மாதமாக அசையாமல் கிடக்கும் விளம்பரம், அதில் இருட்டு ஹாலும் மூடிய ஜன்னலுமாக நாலு போட்டோ இருந்தால், அந்த வீட்டைக் கவனிக்க உள்ளூரில் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஓனரே நம்பர் போட்டிருந்தால் கூப்பிடுங்கள். 'புரோக்கரா?' என்று கேட்டுவிட்டுப் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

கூகுள் பிசினஸ் பக்கம் இலவசம். ஆபீஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டு முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஏரியா என்று மட்டும் காட்டலாம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வருகிற அழைப்பு சுத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறவர் ஓனர் மட்டும்தான். 'நல்ல சேவை' என்று ஒன்பது ரிவ்யூ இருப்பதைவிட, 'குடியிருந்தவர் காலி செய்தபோது அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு பிடித்தார் என்று போட்டோவோடு கணக்குக் கொடுத்தார்' என்று ஒன்றே ஒன்று இருந்தால் போதும். காசு கொடுத்து வாங்காதீர்கள், கூகுள் விதிப்படியே அது தப்பு. என் பக்கத்தில் அழைப்பு கூடியது ஒரு சின்னப் பதிவுக்கு அப்புறம்தான்: என்ஆர்ஐ ஓனருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் பொதுவாக வாடகையில் 31.2 சதவீதம் டிடிஎஸ் (ஓனர் பெயரில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும், பிடித்தத்தைக் குறைக்க ஓனர் வருமான வரித் துறையில் சர்ட்டிபிகேட் கேட்டு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான் எழுதியிருந்தேன். என்னிடம் பேசிய ஓனர்களில் பாதிப் பேருக்கு முதல் பாதியே தெரியாது.

அசோசியேஷன் குரூப்பை, அதாவது ஃபிளாட் ஓனர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பை, நான் தேடிப் போகவில்லை, அது தானாக வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரன்ட் இல்லை, டவரும் செத்துவிட்டது. தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் பேன்ட்டை முட்டிக்கு மேலே மடித்துக்கொண்டு என் பொறுப்பில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தேன். ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் ஃபிளாட்டில், தண்ணீர் நின்ற கோடு சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே ஓடியது. கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டி நாற்பது செகண்ட் வீடியோ எடுத்து, சிக்னல் கிடைத்த மேம்பாலத்தில் நின்று ஷார்ஜாவுக்கு அனுப்பினேன். அந்த ஓனர் அதை அவர்கள் அசோசியேஷன் குரூப்பில் போட்டுவிட்டார். அந்த வாரமே அதே பிளாக்கிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவரும் ரேட் கேட்கவில்லை, 'என் வீட்டுக்குள்ளயும் போய்ப் பார்க்க முடியுமா சார்' என்றுதான் கேட்டார்கள். மூன்று ஃபிளாட்டுக்கும் சேர்த்து என் விளம்பரச் செலவு பூஜ்யம்.

ஆனால் இதிலும் சிக்கல் இருக்கிறது. நீங்களாக உள்ளே நுழைந்து விளம்பரம் போட்டால் செகரட்டரி அன்றைக்கே தூக்கிவிடுவார், ஓர் ஓனர் உங்களுக்காகப் பேச வேண்டும். தப்பு செய்தால் அதுவும் அதே வேகத்தில் பரவும். ஒரு மோட்டார் ரிப்பேரை நான் இரண்டு நாள் இழுத்தடித்தது இன்னும் அங்கே பேச்சில் அடிபடுகிறது. அப்புறம், ஒரு காம்பவுண்டுக்குள் ஓடும் பெயர் அடுத்த தெருவுக்குப் போவதில்லை.

நோட்டீஸ், பேப்பருக்குள் வைக்கும் துண்டுச்சீட்டு எல்லாம் வேண்டாம். ஓனர் ஊரிலேயே இல்லை, யார் படிப்பது?

கையில் ஒரு வீடும் இல்லாதவர் என்றால் சொந்தக்காரர் ஃபிளாட் ஒன்றைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் போட்டோவோடு ரிப்போர்ட் அனுப்பிப் பழகுங்கள், அன்றைக்கே கூகுள் பக்கத்தையும் திறந்துவிடுங்கள். வாட்ச்மேனைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்த ஃபிளாட் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, எந்த ஓனர் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள், உங்கள் கார்டு அவர் டிராயரில் விசிட்டர் நோட்டுக்கு மேலே இருக்கட்டும்.