பாக்-12 உடைந்தபோது: நான்கு வழிகளில் எது லாபம்?

2023 ஆகஸ்ட் 4 காலை வரை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான பாக்-12 உயிரோடுதான் இருந்தது. மிச்சமிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்புத் திட்டத்தை ஏற்றுக் கையெழுத்துப் போடப்போகின்றன என்றுதான் பேச்சு. இரவுக்குள் ஐந்து கிளம்பிவிட்டன. 1915-இல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு ஒரே நாளில் நான்கு பேராகச் சுருங்கியது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைத் தொடராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. தொலைக்காட்சி உரிமையைக் குழுவாக விற்று, வருகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரும்பகுதி பணம் ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) இருந்துதான் வருகிறது. முன்பெல்லாம் பக்கத்து மாநிலத்தாரோடு ஆடுவதுதான் வழக்கம். பாக்-12 என்றால் பசிபிக் கரையும் அதை ஒட்டிய மலைப்பகுதியும்.

அது ஏன் விழுந்தது என்பது தனிக் கதை. 2011-இல் 12 ஆண்டுக்கு சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது இவர்கள்தான் ராஜா. அடுத்த ஆண்டு தொடங்கிய சொந்தச் சேனலை செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்ட்டிவி கடைசிவரை எடுக்கவே இல்லை. மற்ற கான்ஃபரன்ஸ்களின் வருமானம் ஏறிக்கொண்டே போனது. 2022 ஜூன் 30-இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தையே போன பிறகு விற்க என்ன இருக்கிறது? அதே ஆண்டு அக்டோபரில் பிக் 12 என்ற வேறொரு கான்ஃபரன்ஸ் முந்திக்கொண்டு ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் சேனல்கள் இரண்டோடும் ஒப்பந்தத்தை நீட்டித்தது. பாக்-12 பேரம் பேசி முடிப்பதற்குள் சேனல்களின் கையில் காசும் இல்லை, அவசரமும் இல்லை. கடைசியில் ஆப்பிள் காட்டியது, சந்தாதாரர் எண்ணிக்கையோடு ஏறும் ஒரு திட்டம்; அடிப்படைத் தொகையாகச் செய்திகளில் அடிபட்டது பள்ளிக்கு (பல்கலைக்கழகத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆண்டுக்கு சுமார் 2.3 கோடி டாலர்.

மீதி இருந்தவர்களுக்கு வழி நான்கு: பிக் டென், பிக் 12, ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்), பாக்-12-இலேயே இருப்பது. பெரும்பாலான அலசல்கள் ஆண்டுக் காசோலையை மட்டும் அடுக்கி வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. அந்தக் காசுக்காக யார் எவ்வளவு தூரம் பறக்கவேண்டும், பின்னால் பிடிக்காமல் போனால் வெளியே வர முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறும். என் வரிசை: பிக் 12, பிக் டென், அங்கேயே இருப்பது, கடைசியாக ஏசிசி. மூன்றாவது இடத்துக்குத்தான் அதிகம் திட்டு விழும் என்று தெரியும்.

பிக் டென்னில் இருந்து தொடங்குவோம். ஒரிகானும் வாஷிங்டனும் இங்கே போயின. பிக் டென் 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் போட்டது ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம். ஆனால் புதியவர்கள் இருவருக்கும் முழுப் பங்கு இல்லை. ஆண்டுக்கு 3 கோடியில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் 10 லட்சம் டாலர் ஏறும். ஒப்பந்தம் முடியும் 2029-30 வரை இதுதான். பழைய உறுப்பினர் வாங்குவதில் ஏறக்குறைய பாதி. அவர்களுக்கு ஓராண்டு முன்னால் கிளம்பிய யூஎஸ்சிக்கும் யூசிஎல்ஏக்கும் முழுப் பங்கு கிடைத்தது! முதலில் ஓடியவனுக்கு முழுச் சாப்பாடு, பின்னால் வந்தவனுக்குப் பாதி இலை.

ஒரிகானுக்கு அது உறுத்தவே இல்லை. நைக்கி நிறுவனர் ஃபில் நைட் பின்னால் இருக்கும் பள்ளி அது. தொலைக்காட்சிக் காசு குறைந்தாலும் அணி குறையாது. 2024-இல் பிக் டென்னில் முதல் ஆண்டே ஒரு தோல்விகூட இல்லாமல் இறுதியாட்டத்தில் பென் ஸ்டேட்டை 45-37 என வீழ்த்திப் பட்டம் வாங்கியது. வாஷிங்டன் கதை வேறு. பாக்-12-இன் கடைசிப் பட்டத்தை வென்று 2024 ஜனவரியில் தேசிய இறுதியாட்டம் வரை போன அணி, பயிற்சியாளர் கேலன் டிபோரை அலபாமாவுக்குப் பறிகொடுத்து, புது இடத்தில் முதல் ஆண்டு 6-7 (ஆறு வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்தது. கான்ஃபரன்ஸ் மாறியதால் மட்டும் வந்த சரிவு அல்ல அது. ஆனால் பாதிப் பங்கை வைத்துக்கொண்டு ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகனோடு மல்லுக்கட்டுவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை.

தூரம் இன்னொரு கணக்கு. வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கும் சியாட்டிலில் இருந்து, இன்னொரு பிக் டென் உறுப்பினரான ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சி சுமார் 3,900 கி.மீ.; மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு முறை ஆடுகிறது, தனி விமானத்தில் போகிறது, ஆண்டில் சில தடவைதான் அந்தப் பக்கம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் இருக்கும் வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள்தான் பரீட்சைப் புத்தகத்தோடு விமான நிலையத்தில் காத்துக்கிடக்கிறார்கள். ஒப்பந்தம் பேசிய அறையில் அவர்களுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

இதே கேள்வி ஏசிசியில் இன்னும் கூர்மையாக நிற்கிறது. பெயரிலேயே அட்லாண்டிக் கரை இருக்கும் கூட்டமைப்பில் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். பாஸ்டன் காலேஜுக்கு ஒரு ஆட்டம் என்றால் நாலாயிரம் கி.மீ. தாண்டிப் பறக்கவேண்டும். அதுவும் விரும்பி அழைத்த இடமா? புதியவரைச் சேர்க்க உறுப்பினர்களின் பதினைந்து வாக்கில் பன்னிரண்டு வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட், க்ளெம்ஸன், நார்த் கரோலினா மூன்றும் கடைசிவரை வேண்டாம் என்றன. நார்த் கரோலினா ஸ்டேட் மனம் மாறிய பிறகுதான் 2023 செப்டம்பர் 1-இல் கதவு திறந்தது. விலை: முதல் ஏழாண்டுக்குத் தொலைக்காட்சிப் பங்கில் 30 சதவீதம்.

அவர்களோடு சேர்ந்து உள்ளே வந்த டல்லாஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்றது. கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் எஸ்எம்யூ ஏறி வருகிறது. பழைய இடத்தில் கிடைத்ததும் சொற்பம்தான், அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் பணக்கார ஆதரவாளர்கள் 10 கோடி டாலர் திரட்டிவிட்டார்கள். முதல் ஆண்டே ஏசிசி இறுதியாட்டம், தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப் இரண்டையும் தொட்டது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இறங்கி வருகிறார்கள். முதல் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஃபுட்பால் 3-9. வருமானத்தில் விழுந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்க, யூசிஎல்ஏ ஆண்டுக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குத் தரவேண்டும் என்று இரண்டையும் நடத்தும் ரீஜென்ட்ஸ் சபை உத்தரவு போட்டது. ஜீவனாம்சம்தான், வேறென்ன!

வெளியே வரும் வழியும் குறுகல். ஏசிசி உறுப்பினர்கள் 2036 வரை ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்ஸனும் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசம் ஆன பிறகுதான் வெளியேறும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலருக்கு வரும் என்று முடிவானது. அதே சமரசத்தில் பணத்தின் ஒரு பகுதி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரியும் என்றும் ஆயிற்று. கலிஃபோர்னியாக்காரர்களுக்கு அது நல்ல சேதி அல்ல. ஆனாலும் படிப்பில் அந்த நாட்டின் உச்சியில் நிற்கும் இரண்டு பள்ளிகளுக்கு ட்யூக், வர்ஜீனியா பக்கத்தில் உட்காருவது ஒரு கௌரவம். அது முடிவில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிக் 12 பக்கம் வந்தால் மூச்சு சீராகிறது. கொலராடோ ஜூலை 27-இலேயே போய்விட்டது. ஆகஸ்ட் 4-இல் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா. சராசரி 3.17 கோடி டாலர், பழைய உறுப்பினருக்கு என்னவோ அதே. ஒரிகானின் பாதிப் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், யாருக்கும் தாழ்ந்த இடத்திலும் இல்லை. யூட்டாவுக்கு 70 கி.மீ. தள்ளி இருக்கும் பழைய எதிரி பிரிகாம் யங் மறுபடி ஒரே கூட்டமைப்பில். அரிசோனா இரண்டும் பிரியவே இல்லை. வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் ஒர்லாண்டோவுக்கும் நீண்ட பயணம் உண்டுதான். ஆனால் டெக்சஸும் கான்சஸும் நடுவில் இருப்பதால் எல்லா வாரமும் அப்படி இல்லை.

ஆடுகளத்திலும் இடம் கிடைக்கிறது. 2024 சீசன் தொடங்கும் முன் செய்தியாளர்கள் கணிப்பில் யூட்டாவை முதலிடத்திலும் அரிசோனா ஸ்டேட்டைப் பதினாறாவது, அதாவது கடைசி இடத்திலும் வைத்தார்கள். யூட்டா 5-7. அரிசோனா ஸ்டேட் பட்டம் வென்று ப்ளேஆஃபில் டெக்சஸை இரண்டு கூடுதல் சுற்று வரை இழுத்தது. பிக் டென்னில் கடைசியாகக் கணிக்கப்பட்ட அணிக்கு இந்த வழி திறந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒரிகான் ஸ்டேட்டையும் வாஷிங்டன் ஸ்டேட்டையும் யாருமே அழைக்கவில்லை. சின்ன ஊர், சின்ன தொலைக்காட்சிச் சந்தை. பிறகு ஏன் மூன்றாமிடம்? நீதிமன்றத்துக்குப் போய் பாக்-12 நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். கிளம்பிய பத்துப் பள்ளிகளோடு சமரசம் ஆனபோது 6.5 கோடி டாலர் அவர்கள் பக்கம் நின்றது. இரண்டு பேரை வைத்து அட்டவணை நிரப்ப 2024-க்கு மவுன்டன் வெஸ்ட் என்ற சிறிய கான்ஃபரன்ஸுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்தார்கள். பிறகு அதே மவுன்டன் வெஸ்ட்டில் இருந்து பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தையும் இழுத்தார்கள். கூடைப்பந்துக்கு கொன்ஸாகா, ஃபுட்பாலில் எட்டாவதாக டெக்சஸ் ஸ்டேட். புது பாக்-12-க்கான தேதி 2026 ஜூலை.

இழப்பு பெரிது, மறைக்க ஒன்றுமில்லை. வாஷிங்டன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) கேம் வார்ட் மயாமிக்குப் போனார், அடுத்து வந்த ஜான் மேட்டியர் ஒக்லஹோமாவுக்கு, பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட்டுக்கு. ஆனால் 2025-இல் எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் ஆடிய ஒரிகான் ஸ்டேட் பேஸ்பால் அணி ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போய் நின்றது. தவிர, இவர்கள் யாருக்கும் 2036 வரை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பிக் டென் ஒப்பந்தம் 2029-30-இலும் பிக் 12 ஒப்பந்தம் 2030-31-இலும் முடியும்போது, ஏசிசி கட்டணமும் தரையைத் தொட்டிருக்கும். அடுத்த ஏலம் அப்போதுதான்.