மன்னார்குடியில் உட்கார்ந்து வேதாரண்யத்துக் கம்ப்யூட்டரைத் திருத்த எது சரி?

திருத்துறைப்பூண்டி உரக்கடை அண்ணன் போனில் எண்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். “நாலு… எட்டு… அடுத்தது ஏழா ஒண்ணான்னு தெரியல தம்பி. கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்.”

தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே பிரவுசரில் இயக்க உதவும் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், உதவிக்காகக் கொடுக்கும் குறியீட்டில் 12 இலக்கங்கள். அதன் ஆயுள் 5 நிமிடம். அண்ணன் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு, அவன் வந்து படித்து முடிப்பதற்குள் அது செத்துவிட்டது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதற்குள் கடைக்கு யூரியா கேட்டு ஆள் வந்துவிட்டார். “சாயங்காலம் பாத்துக்கலாம் தம்பி.”

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி சுமார் 30 கி.மீ. வேதாரண்யம் அதையும் தாண்டி. நான் பார்த்துக்கொள்ளும் 23 மிஷின்கள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன: நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில், இரண்டு உரக்கடை, கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ், வேதாரண்யத்தில் ஓர் உப்பள ஆபீஸ், இப்படி. வருகிற போன்களில் பெரும்பாலானவை பிரின்டர் வேலை செய்யவில்லை, டாலி திறக்கவில்லை என்பதுதான். அதற்கு பைக்கை எடுத்துக்கொண்டு போனால் கூலியைவிட பெட்ரோல் அதிகம். அதனால்தான் பிரவுசரில் திறக்கிற கன்சோல்களில், அதாவது தூரத்து மிஷின்களை இயக்கும் பக்கங்களில், ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். மூன்று மிஞ்சின: குரோம் ரிமோட் டெஸ்க்டாப், அப்பாச்சி குவாகமோலி, மெஷ்சென்ட்ரல்.

இதே வேலைக்குப் பிரபலமான டீம்வியூவர், எனிடெஸ்க் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் இலவசமாகக் கிடைப்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். பத்துக் கடைக்கு இணைத்தால் ‘இது வியாபார உபயோகம் போலிருக்கிறது’ என்று கண்டுபிடித்து நிறுத்திவிடும். காசு கட்டி வாங்கலாம். என் வருமானத்துக்கு அது ஒட்டாது. இன்னொன்றும் உண்டு. 2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் வழியாக யுபிஐ மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரித்தது. தப்பு அந்த ஆப்பில் இல்லை, ஏமாற்றியவர்களிடம்தான். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னாலே வாடிக்கையாளர் முகம் மாறுகிறது. அதே வகையான ரஸ்ட்டெஸ்க்கையும் பார்த்தேன். நம் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதன் வெப் கன்சோல் காசு கட்டும் புரோ பதிப்பில்தான் வருகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பிரவுசர் கன்சோல் என்றால் எங்கும் எதுவும் நிறுவ வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கம்தான் எதுவும் வேண்டாம். யார் வீட்டு லேப்டாப்பாக இருந்தாலும், ஏன் போனாக இருந்தாலும், ஒரு டேப் போதும். எதிர்ப்பக்க மிஷினில் குரோமுக்கும் மெஷ்சென்ட்ரலுக்கும் ஒரு சின்ன ஆளை, அதாவது ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை, உட்கார வைத்தாக வேண்டும். குவாகமோலிக்கு அந்த ஆள் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வில்லங்கமே அங்கேதான்.

அது ஏன் என்று சொல்கிறேன். இப்போது பல இணைப்புகளில், குறிப்பாக ஜியோவில், கடைக்கென்று தனி ஐபிவி4 முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பைக் கண்டுபிடிக்கும் எண்) கிடையாது; ஒரே முகவரியின் பின்னால் நிறைய பேர் இருப்பார்கள். வெளியிலிருந்து கடைக்குள் நுழையக் கதவே இல்லை. குரோமிலும் மெஷ்சென்ட்ரலிலும் கடை மிஷினே வெளியே வந்து சர்வரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே டாங்கிளோ, ஏர்ஃபைபரோ, உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த நெட்டோ, எதில் இருந்தாலும் வேலை நடக்கும். குவாகமோலியில் சர்வர்தான் மிஷினைத் தேடிப் போக வேண்டும். கதவு இல்லாத வீட்டுக்கு அது எப்படிப் போகும்? ஒவ்வொரு கடைக்கும் விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே ஒரு தனிச் சுரங்கப் பாதை, போட வேண்டும்.

குவாகமோலி பயனற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. திறந்த மூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அமைப்பில் 2017இல் முதல்நிலைத் திட்டமாக உயர்ந்த நல்ல மென்பொருள் அது. ஆர்டிபி (விண்டோஸின் சொந்த ரிமோட் வழி), விஎன்சி (திரையைப் பகிரும் வழி), எஸ்எஸ்ஹெச் (கட்டளை தட்டும் வழி) மூன்றையும் பிரவுசருக்குள் கொண்டுவந்துவிடும். யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று திரையைப் பதிவு செய்தும் வைக்கலாம். ஒரே வளாகம், ஒரே நெட்வொர்க், நாற்பது ஐம்பது மிஷின்கள் என்று இருக்கும் ஒரு கல்லூரி லேபுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே எல்லாம் ஒரே சுவருக்குள் இருக்கிறது. ஏஜென்ட் நிறுவி அலைய வேண்டாம். அதனோடு வரும் குவாக்அட்மின் என்ற பயனர் பெயரையும், அதே சொல்லாக இருக்கும் கடவுச்சொல்லையும் போட்ட அன்றே மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் கடைகளுக்கு அது ஒத்துவரவில்லை. விபிஎன் ஒரு தலைவலி. அதைவிடப் பெரியது, கடைகளில் இருப்பதில் பாதி விண்டோஸ் ஹோம். அதில் ஆர்டிபி வழியே உள்ளே வர முடியாது. விண்டோஸ் புரோ இருக்கும் இடத்தில் ஆர்டிபியில் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் திரை பூட்டிக்கொள்ளும். “என்ன தம்பி, திரை போயிடுச்சு?” என்று போன் வரும். அவருக்குக் காட்டிக்கொண்டே செய்ய வேண்டிய வேலையை அவரை வெளியே தள்ளிவிட்டுச் செய்தால் எப்படி? விஎன்சி போட்டால் இந்தக் குறை தீரும். ஆனால் அப்போது மிஷினில் ஓர் ஆளை உட்கார வைத்தாயிற்று; ஏஜென்ட் வேண்டாம் என்ற பெருமை அங்கேயே போயிற்று.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் நல்ல குணம். காசில்லை, சர்வர் இல்லை, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நேரில் போனபோதே நிரந்தரமாக இணைத்து, குறைந்தது 6 இலக்க பின் ஒன்றை வைத்துவிட்டால் 12 எண் படிக்கும் கூத்தும் இல்லை. நெட் மெலிந்த இடத்தில் படம் கொஞ்சம் மங்கி, பிறகு தெளியும், ஆனால் அறுந்துபோகாது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே தண்ணீர் மட்டுமல்ல, நெட்டும் கடைமடைக்கு வரும்போது இளைத்துவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை கும்பகோணத்து அப்பாவின் மிஷினைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடலாம்.

தொழிலாகச் செய்ய இறங்கினால் மூன்றாவது வாரத்திலேயே முட்டும். எல்லா மிஷினும் என் கூகுள் கணக்கில் ஒட்டிக்கிடக்கும். நான் ஊரில் இல்லாத நாளில் உதவிக்கு இருக்கும் தம்பி பார்க்க வேண்டுமென்றால் என் ஜிமெயில் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டும். மில்லை மட்டும் காட்டு, லாட்ஜைக் காட்டாதே என்று சொல்ல வழியில்லை. பட்டியலில் பெயரும் ஆன்லைனா ஆஃப்லைனா என்பதும்தான் தெரியும். எதைச் செய்வதாக இருந்தாலும் திரையைப் பிடித்தே ஆக வேண்டும்.

திரையைப் பிடிக்காமல் வேலை பார்ப்பது என்ன பெரிய விஷயம் என்று நானும் நினைத்தவன்தான். ரைஸ்மில் எடைமேடையில் அது புரிந்தது.

நெல் லோடு லாரி மேடையில் ஏறி நிற்கிறது. பின்னால் இன்னும் இரண்டு. எடை திரையில் வந்துவிட்டது, டாட் மேட்ரிக்ஸில் சீட்டு வரவில்லை. கணக்குப்பிள்ளை போன் செய்கிறார், பின்னணியில் ஹாரன். திரையை நான் பிடித்தால் அவர் மவுஸும் என் மவுஸும் சண்டை போடும், எடை மென்பொருளும் நடுவில் நிற்கும். மெஷ்சென்ட்ரலில் அந்த மிஷினைத் தொட்டு ‘டெர்மினல்’ என்ற, கட்டளை தட்டும் டேபைத் திறந்தேன். அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தினேன். ‘ஃபைல்ஸ்’ டேபில் போய் அதன் வரிசைக் கோப்புறையில் சிக்கிக்கிடந்த இரண்டு கோப்புகளை அழித்தேன். மறுபடி ஸ்பூலரை ஓட்டினேன். அவர் திரையில் ஒன்றும் அசையவில்லை. போனிலேயே ‘கர்ர்ர்’ என்று பிரின்டர் இழுக்கும் சத்தம் கேட்டது. “வந்துருச்சு, வந்துருச்சு” என்றவர் நன்றி சொல்லாமல் வைத்துவிட்டார். லாரி நிற்கிறதே.

மெஷ்சென்ட்ரல் இன்டெலில் பொறியாளராக இருந்த யிலியான் சான்-இலேர் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். நோட் ஜேஎஸ் என்ற நிரல் தளத்தில் ஓடும். ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில்கூட ஓட்டலாம், ஆனால் மேலே சொன்ன கதவில்லாத வீட்டுக் கதை நம் வீட்டுக்கும் பொருந்தும் என்பதால் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்துக்கொள்வது நல்லது. மாதம் சில நூறு ரூபாய். மிஷின்களைக் குழு குழுவாகப் பிரிக்கலாம்: மில் ஒரு குழு, உரக்கடைகள் ஒரு குழு. தம்பிக்கு உரக்கடைக் குழு மட்டும், அதிலும் திரை மட்டும், டெர்மினல் வேண்டாம் என்று வரையறுக்கலாம். இன்டெலின் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி (AMT) இருக்கும் மிஷினில், விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் பயாஸ் வரைக்கும் போகலாம் என்பார்கள். நம் ஊர் அசெம்பிள் மிஷின்களில் அது இருப்பதில்லை, அதை விட்டுவிடுவோம்.

படத்தின் தரத்தில் மட்டும் இது குரோமுக்குக் கொஞ்சம் பின்னால்தான். தரத்தையும் அளவையும் கையால் குறைத்து வைத்துக்கொண்டால் வேதாரண்யம் நெட்டிலும் நகர்கிறது.

இதன் பெரிய ஆபத்து நாமே. சர்வரைப் போட்டதும் முதலில் கணக்கு தொடங்குபவர்தான் தலைமை நிர்வாகி. தொடங்கியதும் புதுக் கணக்குகளை மூடி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட வேண்டும். 23 மிஷின்களின் சாவிகளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன என்பதை மறக்கக் கூடாது. சில ஆன்டிவைரஸ்கள் ஏஜென்டைச் சந்தேகப்பட்டுப் பிடித்துவைக்கும். அதற்கும் காரணம் உண்டு: திருடர்களும் இதே கருவியைக் கையாண்டிருக்கிறார்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் விபிஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். டொமைன் அதே பெயர், அதனால் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மிஷின்கூட வரவில்லை. ஒவ்வொரு ஏஜென்டும் தன் சர்வரின் சான்றிதழ் அடையாளத்தைத் தன்னிடமே எழுதி வைத்திருக்கும். பெயர் அதேதான் என்றாலும் ஆள் வேறு என்று தெரிந்தால் பேசாது. நியாயமான பிடிவாதம். அந்தச் சான்றிதழ் இருந்தது மெஷ்சென்ட்ரல்-டேட்டா என்ற கோப்புறையில். அதை நான் பேக்கப் எடுக்கவில்லை. விளைவு, சம்பா நடவு சேற்று ரோட்டில் 23 மிஷினுக்கும் பைக்கில் போய் ஏஜென்டை மறுபடி போட்டேன். குரோமில் இந்தக் கதை நடக்கவே முடியாது, அங்கே சர்வர் கூகுளுடையது. இப்போது அந்தக் கோப்புறை என் லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது.

வாடிக்கையாளர் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. திரையைப் பார்க்கும் முன் அந்தப் பக்கம் ‘அனுமதிக்கிறீர்களா’ என்று கேட்கும்படி மெஷ்சென்ட்ரலில் குழுவுக்குக் குழு வைக்கலாம். லாட்ஜில் கட்டாயம் வைத்திருக்கிறேன், அங்கே விருந்தினர்களின் ஆதார் நகல்கள் கிடக்கின்றன. மில்லில் வைக்கவில்லை, கணக்குப்பிள்ளையே “ஒவ்வொரு தடவையும் என்னத்த கேக்குது, நீங்க பாருங்க” என்றுவிட்டார். இருந்தாலும் நான் பார்க்கும்போது அவர் திரையில் அறிவிப்பு வரும்படி விட்டிருக்கிறேன்.

அப்புறம் கரண்ட். டெல்டாவில் இதைப் பேசாமல் ரிமோட் பற்றிப் பேச முடியாது. அணைந்து கிடக்கும் மிஷினை அதே நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மிஷினின் ஏஜென்ட் வழியாக எழுப்ப மெஷ்சென்ட்ரலில் வசதி உண்டு. மில்லில் இரண்டு மிஷின் இருப்பதால் இது உதவுகிறது. ஆனால் கரண்ட் முழுதாகப் போய் வந்த பிறகு பல போர்டுகள் அந்த அழைப்புக்கு எழுவதில்லை. கன்சோல் எதுவானாலும், பயாஸில் ‘கரண்ட் வந்ததும் தானே எழு’ என்ற அமைப்பைப் போட்டு வைப்பதுதான் முதல் வேலை. 2018 நவம்பர் 16 கஜா புயல் வந்து கம்பங்கள் சாய்ந்து கிடந்த வாரங்களில் எந்த அமைப்பும் எதுவும் செய்திருக்காது என்பது வேறு.

வேதாரண்யம் உப்பள ஆபீஸ் மிஷின் மட்டும் ஐப்பசி முழுக்கச் சாயங்காலமானால் கன்சோலில் மங்கிப்போனது, அதாவது இணைப்பு போனது. நெட்டைச் சந்தேகித்தேன், யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகித்தேன். இணைப்பு போன நேரங்களைப் பதிவில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஒழுங்கும் இல்லை. கடைசியில் வாட்ச்மேனிடமே கேட்டேன். “இடி இடிச்சா பிளக்கப் புடுங்கிடுவேன் தம்பி. போன வருஷம் பக்கத்து ஆபீஸ்ல எல்லாம் எரிஞ்சுபோச்சுல்ல?” அதற்கு நான் என்ன சொல்ல? இப்போதெல்லாம் அந்த மிஷின் மங்கினால் கன்சோலை மூடிவிட்டு அவருக்குத்தான் போன் போடுகிறேன். “இடி நின்னுருச்சாண்ணே?”