பழி ஹார்ட் டிஸ்க் மேல், பாவம் யார் மேல்?

ஒரு கோப்பு கரப்ட் ஆனால் அதை விபத்து என்று விட்டுவிடலாம். கரண்ட் போயிருக்கும், அல்லது காப்பி முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கியிருப்போம். ஆனால் இந்த வாரம் ஒரு வேர்ட் கோப்பு, அடுத்த வாரம் இரண்டு போட்டோ, அதற்கடுத்த வாரம் சிஆர்சி பிழை (உள்ளடக்கம் சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை) என்று சொல்லித் திறக்க மறுக்கும் ஜிப் என்று வரிசை கட்டினால், உள்ளே ஏதோ ஒன்று தொடர்ந்து கெடுத்துக்கொண்டிருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஹார்ட் டிஸ்க் போச்சு, மாத்திடு."

நானும் மாற்றினேன். புது டிஸ்க்கில் பத்தே நாளில் ஒரு போட்டோ கெட்டது. மேல் பாதி சுத்தமாக இருந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஓர் இடம். அதற்குக் கீழே எல்லோர் முகமும் பச்சை, உடம்பு இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்றுதான் எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அங்கிருந்து கீழே எல்லாம் தடம் புரளும். அந்தப் பச்சை முகங்களைப் பார்த்த பிறகுதான், இருக்கிற வழிகளில் எது எதற்கு உதவும் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் எல்லோரும் ஓட்டுவது விண்டோஸோடு வரும் எஸ்எஃப்சி (sfc /scannow) ஸ்கேன். அது பார்ப்பது விண்டோஸின் சொந்த சிஸ்டம் கோப்புகளை மட்டுமே. உங்கள் போட்டோவும் கணக்கு ஷீட்டும் அதன் பதிவேட்டிலேயே கிடையாது. நல்ல பிரதியை அது விண்டோஸின் உள் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்ய டிஸ்ம் (DISM) கட்டளை வேண்டும், அது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். ஆகவே எஸ்எஃப்சி தோற்றால் டிஸ்மை ஓட்டிவிட்டு மறுபடி எஸ்எஃப்சி. இதை ஒரு மருந்தாக நான் பெரிதாக மதிப்பதில்லை, அறிகுறியாக மதிக்கிறேன். இன்று சரிசெய்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே புதிதாக வேறு கோப்புகள் கெட்டிருப்பதாகச் சொன்னால், சந்தேகத்தை ஹார்டுவேர் பக்கம் திருப்பலாம்.

டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளை இதைவிட ஆழமானது, அதனாலேயே ஆபத்தும் கூடுதல். அது சரிபார்ப்பது கோப்பு முறைமையின் அட்டவணையை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த இடம் காலி என்பதையெல்லாம். கோப்புக்குள் இருக்கும் எழுத்து சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் டிஸ்க்கின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் ஜர்னலும் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) அட்டவணையைத்தான் காக்கிறது, உள்ளடக்கத்தை அல்ல. பென்டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட் முறைமையில் அந்த ஜர்னல்கூட இல்லை. சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் /f போன்ற குறி) எதுவும் போடாமல் ஓட்டினால் செக்டிஸ்க் படித்துப் பார்த்து அறிக்கை மட்டும் தரும், அதுவரை தைரியமாகச் செய்யலாம். திருத்தும் சுவிட்சைப் போடுவதற்கு முன், டிஸ்க்குக்குப் போவதும் வருவதும் எல்லாம் கடந்து செல்லும் ரேம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். கெட்ட ரேம் வழியாக அட்டவணையைப் படித்தால், சரியாக இருப்பதைத் தப்பென்று நினைத்து அது 'திருத்தி' வைத்துவிடும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் கெட்ட இடங்களை ஒவ்வொரு செக்டராக (டிஸ்க்கின் சிறு துண்டு) தேடும் ஸ்கேனைப் போடுவதும் அப்படித்தான். மணிக்கணக்கில் ஓடும் அந்த ஸ்கேனே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம். முதலில் டேட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இனி ஹார்டுவேர். டிஸ்க்கா, ரேமா? என் கணக்கில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

டிஸ்க் சார்பாக ஒரு வாதம் வைக்கிறேன். ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தும் குறியீடு ஒன்றையும் சேர்த்தே அது எழுதுகிறது. படிக்கும்போது பொருந்தாவிட்டால் தானே திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் "படிக்க முடியவில்லை" என்று பிழை காட்டும். அதாவது டிஸ்க் கெடும்போது பெரும்பாலும் சத்தம் போட்டுக்கொண்டே கெடும். காப்பி பாதியில் நிற்கும், கம்ப்யூட்டர் உறையும், ஃபோல்டர் திறக்க ஒரு யுகம் ஆகும். எந்தப் புகாரும் இல்லாமல் காப்பி நல்லபடி முடிந்து, திறந்தால் மட்டும் உள்ளே மாறியிருக்கிறது என்றால் அது டிஸ்க்கின் வழக்கமான குணம் அல்ல. வீட்டு கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில்தான் இப்படிப்பட்ட காவல் கிடையாது. ஒரு பிட் புரண்டால் புரண்டதுதான், டிஸ்க் அந்தத் தப்பை விசுவாசமாக எழுதி வைத்துக்கொள்ளும். 2009-ல் கூகுள் சர்வர்களை வைத்து வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. அந்த சர்வர்களில் பிழைதிருத்தும் ரேம் இருந்ததால் பிழை கண்ணில் பட்டது. நம் வீட்டில் எண்ணிச் சொல்ல ஆளில்லை.

டிஸ்க்கை விசாரிப்பது ஐந்து நிமிட வேலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் நான்கு எண்களைப் பாருங்கள்: 5, 197, 198, 199 (அதில் 05, C5, C6, C7 என்று தெரியும்). முதல் மூன்றும் மாற்றியமைக்கப்பட்ட, சந்தேகத்தில் நிற்கும், திருத்த முடியாத செக்டர்கள். மூல மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே பேக்கப். வழியில் நேரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வேறொன்று மாட்டுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் இந்த எண்கள் இருக்காது, மீடியா மற்றும் டேட்டா ஒருமைப்பாட்டுப் பிழை என்ற ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

ரேமுக்கு இரண்டு சோதனைகள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் வசதியானது, ரீஸ்டார்ட் செய்தால் தானே ஓடும். ஆனால் அது "பிழை இல்லை" என்று சொன்னால் நான் நம்புவதில்லை, "பிழை உண்டு" என்றால் மட்டும் நம்புவேன். மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவிலிருந்து பூட் ஆவதால் விண்டோஸ் குறுக்கே நிற்காது. இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், குறைந்தது நான்கு சுற்றாவது ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், இதில் பாஸ் மார்க் எல்லாம் கிடையாது. வந்தால் உடனே ரேமைத் தூக்கிப் போட வேண்டாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற கூடுதல் ரேம் வேகத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே.

இரவு முழுக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு என் கைமருந்து ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண். உங்கள் ரேம் அளவைவிடப் பெரிய கோப்பு ஒன்றை எடுத்து எஸ்எச்ஏ-256 ஹேஷ் பாருங்கள். செவன்-ஜிப் இருந்தால் வலது கிளிக் மெனுவிலேயே கிடைக்கும். நான்கைந்து தடவை பாருங்கள். சிறிய கோப்பு ஆகாது, விண்டோஸ் அதை ரேமிலேயே பிடித்து வைத்துக்கொண்டு டிஸ்க் பக்கமே போகாமல் பதில் சொல்லிவிடும். ஒரே கோப்புக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஹேஷ் வந்தால், கோப்பில் கோளாறு இல்லை, அதைப் படித்துக் கொண்டுவரும் வழியில் இருக்கிறது. எப்போதும் ஒரே ஹேஷ், ஆனாலும் கோப்பு திறக்கவில்லை என்றால் எழுதிய நேரத்திலோ அதற்கு முன்போ கெட்டுவிட்டது. மெம்டெஸ்ட் அளவுக்கு இது கறாரானது அல்ல, ஆனால் விண்டோஸை விட்டு வெளியே வராமலே திசை காட்டும்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதிக வோல்டேஜால் அவற்றில் பல நிலைகுலைவதை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் தந்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பெரிய ஜிப்பையோ கேமையோ விரிக்கும்போது வரும் பிழை அதன் பிரபலமான அறிகுறி. அந்தத் திருத்தம் அடங்கிய பயாஸ் அப்டேட்டைப் போட்டால் மேலும் கெடாமல் தடுக்கலாம், ஏற்கெனவே பழுதான சிப் அதனால் தேறாது.

விண்டோஸை ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவது? பேய்க்கும் பார் நோய்க்கும் பார் என்று இதையும் சேர்த்துச் செய்பவர்கள் உண்டு. ரேம் கெட்டிருந்தால் புது விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்தில் மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றிலேயே சிவந்தது. இரண்டு ஸ்டிக்கில் ஒன்று. கெட்ட போட்டோக்களில் பாதிதான் மீண்டது, மீதிக்கு பேக்கப்பிலும் அதே பச்சை முகங்கள்தான் ஏறியிருந்தன, ஏனென்றால் என் பேக்கப் பழைய பதிப்பை வைத்துக்கொள்ளாமல் மேலேயே எழுதும் வகை. கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டிப் பார்த்தேன். 5, 197, 198 மூன்றிலும் பூஜ்யம். இப்போது பதிப்பு பதிப்பாக பேக்கப் ஏறுவது அதில்தான்.